நாற்பத்தொன்றாம் எண்ணின் நடை

திருப்பூரில் அந்த வருடங்களில் யாரும் தாங்கள் நினைத்த இடத்தில் பேருந்தைவிட்டு இறங்கவில்லை. பேருந்து எங்கே கதவைத் திறந்ததோ அங்கேதான் இறங்கினார்கள்.

திட்டத்துக்கு அரசு வைத்த பெயர் நடைநலம். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'இறக்கிவிடுற வண்டி'. மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அது நாள் முழுக்க நாடித் துடிப்பையும் நடையையும் குறித்துக்கொண்டே இருக்கும். ஓட்டுநர் இல்லாத அந்தப் பேருந்து, ஒவ்வொருவரும் இன்றைக்கு எவ்வளவு நடந்தால் உடம்புக்கு நல்லது என்று கணக்குப் போட்டு, போக வேண்டிய இடத்துக்கு அவ்வளவு தூரம் முன்னதாகவே நின்றுவிடும். தலைக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தால் பேசாமல் எழுந்துகொள்ள வேண்டியதுதான். தொந்தி வைத்த பனியன் கம்பெனி முதலாளிக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. இதய நோயாளிக்கு வீட்டு வாசல். கார்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று ஆகிவிட்டதால் முதலாளிகளுக்கும் வேறு வழியில்லை. மாமியாரை வாசலில் இறக்கிவிட்டு மருமகளை முக்கால் கிலோமீட்டர் நடக்கவிட்ட பேருந்தைப் பற்றி அந்த நாளில் எல்லா வீட்டிலும் ஒரு கதை இருந்தது.

திட்டியபடியே நடந்தார்கள். நடக்க நடக்க ஊரின் சர்க்கரை நோய் இரண்டே வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முழங்கால் வலி என்று படுத்தவர்கள் எழுந்து மார்க்கெட்டுக்குப் போனார்கள். இன்னும் பதினோரு ஊர்கள் எங்களுக்கும் கொடுங்கள் என்று வரிசையில் நின்றன.

இதற்கெல்லாம் கணக்கை எழுதியவள் பூங்கோதை. ஐம்பத்தேழு வயது. போக்குவரத்தையும் உடம்பையும் சேர்த்துப் படித்தவள், இருபத்திரண்டு வருடம் அதையே கட்டிக்கொண்டு அழுதவள். ஒரு மனிதனின் முகத்தைப் பார்க்காமல், பட்டை எழுதிய கோடுகளை மட்டும் பார்த்து, இந்த ஆளுக்கு இடது காலில் பழைய அடி, இவர் பால்காரராக இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள். நடையைப் படிக்க அந்த அளவுக்குத் தெரிந்தவர்கள் ஊரில் வேறு யாரும் இல்லை. உடம்பு பொய் சொல்லாது என்பாள். மருத்துவமனைச் சீட்டு பழசாகிப்போகும், பட்டை அன்றன்றைக்கு உள்ளதைச் சொல்லும் என்பாள். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பட்டை சேர்த்துவைத்ததைப் பார்த்து எல்லோருடைய தூரமும் திருத்தப்படும். சீட்டு ஒன்றும் பட்டை ஒன்றும் சொன்னால் பட்டை சொன்னதே செல்லும். அந்த விதியை எழுதியதும் அவள்தான்.

அவள் கணவர் தண்டபாணிக்கு இதயத்தில் இரண்டு இடத்தில் அடைப்பு எடுத்திருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. அனுப்பர்பாளையத்து வீட்டில் செய்தித்தாளும் அவரும்தான். மனைவியின் ஆராய்ச்சிக்கு மாதிரியாகத் தன் பட்டையையும் எழுதிக்கொடுத்திருந்தார். கட்டுரையில் அவர் பெயர் இருக்காது. மாதிரி எண் நாற்பத்தொன்று, அவ்வளவுதான்.

ஒருநாள் சாப்பிடும்போது அவர் கேட்டார்.

"கோதை, பனியன் கம்பெனிச் செக்கிங் டேபிள்ல பத்து மணி நேரம் நிக்கற புள்ளைங்களுக்கு உன்ற பட்டை என்ன கணக்குப் போடுது?"

"நிக்கறது நடை ஆகாதுங்க. அடி எடுத்து வெச்சாத்தான் கணக்கு."

"அப்ப அதுகளைச் சும்மா உக்காந்திருக்கறதாட்டவா எழுதிக்குது?"

"ஆமாங்க. அதனாலதான் அவங்களுக்குத் தூரம் கொஞ்சம் சேர்த்திப் போடுது. நல்லதுதானுங்களே."

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். பூங்கோதை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜனவரியிலிருந்து நாற்பத்தொன்றாம் எண்ணின் கோடுகள் மேலே ஏற ஆரம்பித்தன. வீட்டுக்குள் முந்நூறு அடி வைப்பதற்கே சலித்துக்கொண்டிருந்த மனிதர் ஒரு நாளைக்கு மூவாயிரம், நாலாயிரம் என்று போய்க்கொண்டிருந்தார். நாடி கொஞ்சம் வேகமாக, ஒரே சீராக அடித்தது. பூங்கோதை காலை ஏழு மணிக்குப் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வீட்டுக்கு வருவாள். அவள் இல்லாதபோது மனிதர் திருட்டுத்தனமாக நடக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் சொல்லி அவர் கேட்ட முதல் காரியம் இது என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஏனுங்க, எனக்குத் தெரியாம நடக்கறீங்களாட்ட இருக்குது" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

தண்டபாணி அவள் முகத்தைப் பார்த்தார். என்னவோ சொல்ல வந்தவர், சிரித்துவிட்டு, மோர் இருக்குதா என்று கேட்டார்.

மார்ச் கடைசியில் புதிய தூரப் பட்டியல் கையெழுத்துக்கு வந்தது. நாற்பத்தொன்றுக்கு நேராக இதுவரை 'வாசல்' என்று இருந்த இடத்தில் இப்போது ஆயிரத்து எழுநூற்று நாற்பது மீட்டர். பூங்கோதை அந்த வரியை இரண்டு முறை படித்துச் சந்தோஷப்பட்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

ஏப்ரல் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. பதினோரு ஊர்களுக்குத் திட்டத்தைக் கொடுக்கும் விழாவும் அவளுக்கு விருதும் பல்லடம் சாலை மண்டபத்தில் மூன்றரை மணிக்கு. காலையிலேயே போய்விட்டவளுக்கு மத்தியானம்தான் படிக்கிற கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. கணவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். கொண்டுவருகிறேன், உன்ற பஸ்ஸுலயே வர்றேன் என்றார். நேரமாகிறதே என்று பதறாமல் மெதுவாக நடந்தே வாருங்கள் என்று இவள் வேறு சொல்லிவைத்தாள்.

முதல் வரிசையில் அவர் நாற்காலி காலியாகவே இருந்தது. கண்ணாடி இல்லாததால் எழுதிவைத்ததைப் படிக்க முடியாமல் மனதிலிருந்து பேசினாள். பெரிய திரையில் ஒரே ஒரு கோட்டைக் காட்டினாள். "இது ஒரு இதய நோயாளியுடைய நடை. மூணு மாசத்துல என்ன ஆகியிருக்குன்னு பாருங்க. நான் சொன்னா நீங்க நம்ப வேண்டாம். உடம்பு பொய் சொல்லாது." கைதட்டல் அடங்க நேரமானது. அந்த நேரத்தில் தண்டபாணி மண்டபத்துக்கு அறுநூற்று நாற்பது மீட்டர் தூரத்தில், அடைத்திருந்த ஒரு பேட்டரிக் கடையின் படியில் உட்கார்ந்த வாக்கில் இறந்துகிடந்தார். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு இருந்தது. மூன்று மணி வெயிலில் ஆயிரத்து நூறு மீட்டர் நடந்திருந்தார்.

பத்து நாள் பூங்கோதை எதையும் படிக்கவில்லை. பதினோராம் நாள் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்பத்தொன்றாம் எண்ணை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். கணக்கில் எங்கே பிசகியது என்று தேடினாள். ஒரு பிசகும் இல்லை. அந்த நடைக்கு அந்தத் தூரம் சரி. அந்த நாடிக்கு அந்தத் தூரம் சரி.

பிறகுதான் அடிகளைப் பார்த்தாள். எத்தனை அடி என்பதை அல்ல, ஒவ்வொரு அடியும் எப்படி விழுந்திருக்கிறது என்பதை. ஜனவரியில் சின்ன, இலகுவான அடிகள். பிப்ரவரியில் இரண்டு பாதத்துக்கும் நடுவே இடைவெளி அகன்றுகொண்டே போனது. மார்ச்சில் பாரம் முழுக்கக் குதிகாலுக்குப் போய்விட்டது. முன்பக்கம் ஏறுகிற கனத்துக்கு ஈடுகொடுக்க முதுகைப் பின்னால் சாய்த்து நடக்கிற நடை. வேறு யாருடைய எண்ணாக இருந்திருந்தாலும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். இது கணவர் என்பதால் பார்க்கவில்லை. பார்க்க ஆசைப்பட்டதை மட்டும் பார்த்தாள்.

அது பிள்ளைத்தாய்ச்சியின் நடை.

அடுத்து வந்த ஞாயிறு. வீட்டைவிட்டுப் போகாத மனிதர் அக்கம்பக்கத்து ஆளிடம்தான் பட்டையைக் கொடுத்திருப்பார் என்று, காலையிலிருந்து மாடி ஜன்னலில் உட்கார்ந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளின் சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குக் குடத்தோடு ஒரு பெண் குழாயடிக்கு வந்தாள். ஏழு மாதம் கடந்த வயிறு. பூங்கோதை அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். மூன்று மாதமாகத் தினமும் பார்த்துப் பூரித்த அந்த நடை, ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, தண்ணீர்க் குடத்தோடு அவள் எதிரே போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. சாவு வீட்டில் வராத அழுகை.

இறங்கிப் போய்ப் பேர் கேட்டாள். மோகனப்பிரியா. பனியன் கம்பெனியில் செக்கிங். ஞாயிறு தவிர நாள் தவறாமல் ஒன்றரை ஷிப்டு. வீட்டுக்காரன் நூல் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். இவள் யார் என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணின் கையிலிருந்த குடம் நழுவப் பார்த்தது. பூங்கோதை பிடித்துக்கொண்டாள்.

"நானே வந்து சொல்லோணும்னுதான் இருந்தனுங்க மேடம். பயமா இருந்துச்சுங்க."

"பட்டையை நீ கேட்டயா, அவரே குடுத்தாரா?"

"சத்தியமா நான் கேக்கலீங்க. தை மாசம் ஒருநா உங்க காம்பவுண்டு ஓரமா உக்காந்துட்டனுங்க. காலெல்லாம் வீங்கி, ஒரு எட்டு எடுத்து வெக்க முடியலீங்க. பஸ்ஸு ஒண்ணேகால் கிலோமீட்டருக்கு அங்கிட்டே எறக்கிவுட்டிருச்சு. சார் வெளிய வந்து என்ன ஏதுன்னு கேட்டாரு. சொன்னனுங்க. அப்படியே கையில இருந்ததைக் கழட்டிக் குடுத்தாரு. நான் எங்கயும் போறதில்ல, எனக்கு எதுக்கு இது, நீ கட்டிக்கிட்டுப் போ, பொழுது சாஞ்சு வந்து குடுத்தாப் போதும்னாருங்க."

சந்தில் கறிவேப்பிலையும் உறைமோரும் கைமாறுகிற மாதிரி பட்டையும் கைமாறியிருக்கிறது. வாங்கிக்கொண்டு போனதைச் சொன்ன நேரத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் அதில் தப்பொன்றும் இல்லை என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள். மூன்று மாதமாக அந்தப் பெண் வாசலில் இறங்கியிருக்கிறாள். அவள் உடம்பு, அவளுக்குத் தெரியாமலே, அவர் பெயரில் ஆரோக்கியத்தை எழுதிவைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"முடியலைப் பொத்தான் இருக்குதே. அதை அழுத்தியிருக்கலாமே நீ" என்றாள் பூங்கோதை.

பேருந்தின் கதவருகே மூடி போட்ட ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் வண்டி அங்கேயே நிற்கும். மருத்துவ வேன் வந்து ஆளைச் சோதித்துப் பட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அதுவும் பூங்கோதை வைத்ததுதான். யாரையும் வம்படியாக நடக்கவிடக் கூடாது என்று சண்டை போட்டு வைத்தது.

"ரெண்டு வாட்டி அழுத்துனனுங்க. நர்ஸம்மா வந்து பாத்துட்டு, எல்லாம் நல்லாத்தான் இருக்குது, நடந்தாப் பிரசவம் லேசா ஆகும்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாங்க. மூணாவது வாட்டி அழுத்துனா பொய்க்காரின்னு எழுதிப்போடுவாங்களாமுங்க. நின்னு நின்னு காலு வலிக்குதுன்னு சொன்னா, நிக்கறதுக்கெல்லாம் கணக்கு இல்லம்மாங்கறாங்க."

பூங்கோதை குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வீடு வரை கூடப் போனாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில், விழா நாளன்று கணவர் வந்த பேருந்தின் கேமராப் பதிவை வாங்கிப் பார்த்தாள். தண்டபாணி விழாவுக்கென்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பச்சை விளக்கு எரிந்ததும் தவறுதலாக எரிகிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். வண்டி நின்று கதவு திறந்தது. வெளியே வெயிலை எட்டிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். சிவப்புப் பொத்தானின் மூடியைத் திறந்து விரலை அதன்மேல் வைத்தார்.

அப்படியே நின்றார். பதினோரு வினாடி.

அழுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பட்டை ஒன்றும் ஆள் ஒன்றுமாக இருந்தால் அதைக் கட்டியிருந்தது யார் என்று தேடுவார்கள். அடுத்தவர் பட்டையில் போனவருக்கு மூன்று வருடம் பேருந்து கிடையாது. பேருந்து இல்லாவிட்டால் கம்பெனி இல்லை. இதை ஒன்றுவிடாமல் அவருக்குச் சொல்லிவைத்தது அவள்தான், சாப்பாட்டு நேரத்தில், தன் ஏற்பாட்டில் ஓட்டையே கிடையாது என்ற பெருமையில்.

தண்டபாணி விரலை எடுத்தார். மூடியைச் சத்தமில்லாமல் மூடினார். சட்டைப் பையில் கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார்.

விசாரணை அந்த வாரமே வந்தது. தலைமை தாங்கியவர் ஜெயசீலன், பூங்கோதையோடு பதினைந்து வருடம் வேலை பார்த்தவர், அவள் மேல் உண்மையான மரியாதை உள்ளவர். மற்ற இரண்டு பேர் டீ குடிக்கப் போயிருந்தபோது குரலைத் தாழ்த்தி அவளிடம் பேசினார்.

"மேடம், பதினோரு ஊரும் பயந்து நிக்குது. ஆனா எனக்குத் தெரியும், உங்க கணக்குல தப்பு இருக்காது. எங்கயோ பட்டை கைமாறியிருக்குது. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். மிச்சத்தை நாங்க தேடிக் கண்டுபிடிச்சுக்கறோம். திட்டம் பொழைச்சுக்கும்."

பூங்கோதை வேறொன்று கேட்டாள். நிற்கிற வேலையையும் கணக்கில் சேர்க்க முடியுமா என்று. செக்கிங் டேபிளில் நிற்பவர்கள், இஸ்திரி போடுபவர்கள், இவர்களையெல்லாம் சும்மா இருந்தவர்களாக எழுதிக்கொண்டு மேலும் நடக்கவிடுவது தப்பு, அது தன் தப்பு என்று சொன்னாள். ஜெயசீலன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த வருடக் கூட்டத்தில் வைக்கலாம் என்றார். கணக்கில் குறை இல்லை என்று இன்றைக்கு எழுதிவிட்டு உடனே அதைத் திருத்தினால் நன்றாக இருக்காது என்றார்.

மற்றவர்கள் வந்து உட்கார்ந்ததும் அந்தக் கேள்வியை முறையாகக் கேட்டார்கள். காலமானவரின் பட்டை எப்போதாவது வேறொருவர் கையில் இருந்ததா?

இருபத்திரண்டு வருடத்தில் பூங்கோதை ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. அரைப் புள்ளிக்காகக் கட்டுரையை ஆறு மாதம் தள்ளிப்போட்டவள். எதிரே அவள் பிழைப்பும் பேரும் மேசையில் கிடந்தன. உள்ளதைச் சொன்னால் இரண்டும் தப்பிக்கும். உள்ளதைச் சொன்னால் அந்தக் குழாயடிக்கு ஆட்கள் போவார்கள்.

"இல்லை" என்றாள். "பட்டை அவர் கையிலேயேதான் இருந்தது. ஒருநாள்கூடக் கழற்றினதில்லை. அந்த நடை அவரோடது. நான் படிச்சுப் பார்த்திருக்கேன்."

"அப்படீன்னா, நல்லா இருக்கார்னு பட்டை சொன்ன ஒரு ஆளு..."

"ஆயிரத்து நூறு மீட்டர்ல செத்துப்போனார். கணக்குத்தான் அவரைக் கொன்னது. நான் எழுதினது."

ஜெயசீலன் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் பூங்கோதை நினைத்தாள். ஆனால் நடையைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் சொன்னதை மறுக்க ஆள் இல்லை.

நடைநலம் நின்றது. பதினோரு ஊர்களும் விலகிக்கொண்டன. மே முதல் வாரத்திலிருந்து பேருந்துகள் பழையபடி கம்பத்துக்குக் கம்பம் நின்றன. ஜனங்கள் அவரவர் இடத்தில் இறங்கிக்கொண்டு, அப்பாடா என்றார்கள். மாத்திரையை நிறுத்தியிருந்த சர்க்கரைக்காரர்கள் அந்த ஊரில் நாலாயிரம் பேருக்கு மேல். அவர்களில் எத்தனை பேர் எத்தனை வருடத்தில் மறுபடி ஆஸ்பத்திரிப் படி ஏறுவார்கள் என்ற கணக்கும் பூங்கோதைக்குத் தெரியும். அதையும் அவள்தான் சுமக்க வேண்டும், வேறு யார் சுமப்பார்கள். விருதைத் திருப்பி அனுப்பினாள். கட்டுரையிலிருந்து நாற்பத்தொன்றாம் எண்ணை நீக்கச் சொல்லி எழுதினாள். காரணம் என்று கேட்டிருந்த இடத்தில், படித்தவரின் பிழை என்று போட்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அனுப்பர்பாளையம் நிறுத்தத்தில் இரண்டு பேரும் ஒரே வண்டியிலிருந்து இறங்கினார்கள். மோகனப்பிரியா ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறாள். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டாளாம். வண்டி அங்கிருந்து போன பிறகும் அவள் நகராமல் நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? தெனமும் மனசைப் போட்டு அரிக்குதுங்க. அன்னைக்குச் சார் ஏனுங்க அந்தப் பொத்தானை அழுத்தல? அழுத்தியிருந்தாப் பொழைச்சிருப்பாருங்களே."

பூங்கோதை அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தாள். விரல் பொத்தான்மேல் இருந்த பதினோரு வினாடியும் அவள் கண்முன்னால் வந்து நின்றன.

"அவருக்கு நடக்கோணும்னு ஆசை, கண்ணு" என்றாள். "எத்தனையோ வருசமா நடங்க நடங்கன்னு நான் தொண்டை கிழியக் கத்திட்டிருந்தேன். அன்னைக்கு என்ற விழாவாச்சே. நானும் நடந்துதான் வந்தேன், பாருன்னு எனக்குக் காட்டோணும்னு நெனச்சிருப்பாரு. பொத்தான் பக்கமே போகலை. நான் படத்துல பாத்தேன். உன்ற மேல ஒரு குத்தமும் இல்லை."

மோகனப்பிரியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிசமாலுமுங்களா என்று கேட்டாள். பூங்கோதை தலையாட்டினாள். எத்தனையோ நாளாகத் தூக்கிக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தவள் போல அந்தப் பெண் ஒரு மூச்சு விட்டு, போயிட்டு வர்றனுங்க மேடம் என்று சொல்லிச் சந்துக்குள் திரும்பினாள்.

பூங்கோதை நின்ற இடத்திலேயே நின்று அவள் போவதைப் பார்த்தாள். பாதங்கள் நன்றாக அகன்றுவிட்டன. இடுப்பு கீழே இறங்கியிருந்தது. பிரசவம் இன்னும் பத்து நாள் தாங்காது என்று தோன்றியது.